ஏழு வளையத் தண்ணீர்

அன்று காலையில் மட்டும் லயல் நோஸ்கே பதினோரு முறை தொட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டார்.

சமையலறைக்குப் பின்னால் நிற்கும் அந்த நெளிதகரத் தொட்டிதான் வீட்டுக்கு உயிர். கூரையில் விழும் மழை அதில் சேரும். குடிப்பது, சமைப்பது, குளிப்பது எல்லாம் அந்தத் தண்ணீரில்தான். விரல் முட்டியால் மேலிருந்து தட்டிக்கொண்டே வந்தால் தகரம் காலிப் பானை போல ஒலிக்கும். ஓர் இடத்தில் சத்தம் சட்டென்று அமுங்கும். அங்கேதான் தண்ணீர் மட்டம். அங்கிருந்து தரை வரைக்கும் தகரத்தின் நெளிவுகளை எண்ணினால் எத்தனை வளையத் தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்துவிடும். விரபில்லா என்ற அந்தச் சின்ன ஊரில் இரண்டு பேர் கடை வாசலில் பார்த்துக்கொண்டால் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பதில்லை. எத்தனை வளையம் என்றுதான் விசாரிப்பார்கள்.

ஏழு. பதினோரு முறை தட்டியும் ஏழுதான். தட்டத் தட்டத் தண்ணீர் கூடுமா என்ன? லயலுக்கும் தெரியும். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை.

அக்டோபரில் பதினொன்று இருந்தது. அப்போதுதான் அந்த ஒப்பந்தம் நடந்தது. சமையலறை மேசையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி வெர்னா, கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"எந்த நாள் இந்த வீட்டுக்கு லாரித் தண்ணி வருதோ, அன்னிக்கு நாம அடிலெய்டுக்குக் கெளம்பறோம். வீட்ட வித்துடறோம். சம்மதமா?"

"பதினோரு வளையத்த வச்சுக்கிட்டுப் பேசற பேச்சா இது?" என்று லயல் சிரித்தார்.

"சம்மதமா, இல்லையா?"

சம்மதம் என்று கையை நீட்டினார். முப்பத்தெட்டு வருடம் கூடவே வாழ்ந்த மனைவியோடு, மாடு விற்பவரைப் போலக் கை குலுக்கினார். நான்கு வளையத்துக்குக் கீழே போனால் லாரிக்காரர் மெர்வைக் கூப்பிட வேண்டியதுதான் என்பது அந்த ஊர்க் கணக்கு. அதற்குக் கீழே இருப்பது வண்டல் கலந்த தண்ணீர். பிறகு நவம்பர் வந்தது, டிசம்பர் வந்தது, ஜனவரி போய் பிப்ரவரியும் பாதி முடிந்தது. வானம் ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கவில்லை.

வெர்னா ஏன் அப்படிக் கேட்டாள் என்பது லயலுக்குத் தெரியாததல்ல. போன ஜூலையில் ஒரு விடியற்காலை, ஆட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரி நூற்றுப் பத்து கிலோமீட்டருக்கு அப்பால். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருக்காமல் வெர்னாவே காரை எடுத்தாள். அவர் தலை கண்ணாடியில் மோதி மோதி ஆடிக்கொண்டு வந்தது. கண் விழித்தபோதெல்லாம், யார் இந்த ரோட்டைச் சமப்படுத்தியது, இப்படிக் குலுங்குகிறதே என்று குறை சொல்லிக்கொண்டே வந்தாராம். ஊரெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. வெர்னாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ஆனால் அன்றைக்கு அந்த ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியை அவள் இன்னும் விடவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. கட்டிய கணவர் உட்பட.

முப்பத்து நான்கு வருடம் உள்ளூராட்சியில் மண் ரோடு சமப்படுத்தும் வண்டி ஓட்டியவர் லயல். ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் முனை மறுபடி குண்டும் குழியுமாகிவிடும். திரும்பி வந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது. முடிவே இல்லாத வேலை என்பதால்தான் பிடித்திருந்தது. நெஞ்சு வலிக்குப் பிறகு அந்த ரோடு வண்டியையும் பிடுங்கிவிட்டார்கள், ஊர்த் தீயணைப்புப் படையில் லாரி ஏறக் கூடாது என்றும் டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் உட்காரத் தெரியாத மனிதரை வீட்டில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? கேட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே புல் முளைக்காத ஒரு தடமே விழுந்துவிட்டது.

அவரைக் காப்பாற்றியது பியர்தான். குடித்ததல்ல, காய்ச்சியது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை கொட்டகையில் நாற்பது லிட்டர் மின்கொப்பரையை வைத்து முளைகட்டிய பார்லி மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து, வடிகட்டி, கசப்புக்கு ஹாப்ஸ் பூ போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விடுவார். அதில் அவர் குடிப்பது வாரத்துக்கு இரண்டு கிளாஸ், டாக்டரின் கணக்கு. மீதியெல்லாம் தீயணைப்புப் படைப் பையன்களுக்கு. பையன்கள் என்றால் எல்லாருக்கும் ஐம்பது வயது.

கொதித்து முடிந்த அந்தக் கஷாயத்தைச் சீக்கிரம் ஆறவைப்பதுதான் முக்கியம். மெல்ல ஆறினால் கெட்டுப்போகும் என்பது அவர் நம்பிக்கை. கெடாது, சூட்டோடு பிளாஸ்டிக் கேனில் ஊற்றி மூடிவைத்தால் மறுநாள் தானாக ஆறிவிடும், நாங்களெல்லாம் அப்படித்தான் செய்கிறோம் என்று படைத் தலைவர் கெல்வின் ராஷ் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டார். மறுநாள் வரைக்கும் காத்திருப்பதா? லயலாலா?

அதனால் செம்புக் குழாயை ஒரு கேஸ் சிலிண்டரைச் சுற்றி வளைத்து, சுருள் ஒன்று செய்துகொண்டார். அந்தச் சுருளைக் கொதிக்கும் கொப்பரைக்குள் இறக்குவார். தொட்டியின் அடியிலிருந்து சின்ன பம்ப் ஒன்று தண்ணீரை இழுத்துச் சுருளுக்குள் அனுப்பும். சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே வரும் தண்ணீர் இன்னொரு ரப்பர் குழாய் வழியாகத் தொட்டியின் தலைக்கே திரும்பிப் போய் விழும். சுற்றிச் சுற்றி வரும் அதே தண்ணீர். ஒரு சொட்டு வீணில்லை.

முதல் தடவை பார்த்தபோது வெர்னா சண்டைக்கு வந்தாள். குடிக்கிற தண்ணீரில் போய் பியர்ச் சூட்டைக் கொட்டுகிறாயா என்றாள். இத்தனை ஆயிரம் லிட்டரில் அந்தச் சூடு எந்த மூலைக்கு, அரை டிகிரிகூட ஏறாது என்று லயல் கணக்குப் போட்டுக் காட்டினார். அவள் தொட்டியில் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு, நல்லதுதான், இனிமேல் டீக்குத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தப் புதன்கிழமை மதியம், கஷாயம் கொதித்து முடிந்த நேரம். லயல் சுருளை இறக்கினார், பம்பைப் போட்டார். திரும்பும் குழாயைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறி, தொட்டியின் தலையில் இருக்கும் வலைக் கூடைக்குள் அதன் வாயைச் சொருகினார். எப்போதும் அதைக் கம்பி போட்டு இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டுவது வழக்கம். கம்பி சட்டைப் பையில் இருந்தது. கையை விட்டு எடுக்கப் போன நேரத்தில், ஊர் நடுவே தீயணைப்புச் சங்கு ஊதியது.

அந்தச் சத்தம் கேட்டால் லயலுடைய உடம்பு அவரைக் கேட்காது. லாரியில் ஏறத்தான் கூடாது, ரேடியோவுக்கு முன்னால் உட்காரக் கூடாது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லையே. ஏணியிலிருந்து இறங்கினார். பம்பை நிறுத்தலாமா என்று ஒரு கணம் யோசித்தார். நிறுத்தினால் கஷாயம் பாதிச் சூட்டில் நின்றுவிடும். ஓடட்டும், சுற்றுகிற தண்ணீர்தானே, எங்கே போய்விடப் போகிறது? வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

கம்பி சட்டைப் பையிலேயே போனது.

கிழக்கு ரோட்டோரம் யாரோ வண்டியைக் காய்ந்த புல்லில் நிறுத்த, புகைக்குழாய்ச் சூட்டில் புல் பற்றிக்கொண்டது. தீ அணைந்தது நாற்பது நிமிடத்தில். மறுபடி பற்றாமல் இருக்கிறதா என்று காவல் காத்தது இரண்டு மணி நேரம். ரேடியோ அறையில் லயல் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னல் வரைக்கும் போனார், திரும்பினார். கஷாயம் இந்நேரம் ஆறியிருக்கும் என்று நினைத்தார். பம்ப் சூடாகுமே என்றும் நினைத்தார். தண்ணீரைப் பற்றி மட்டும் நினைக்கவே இல்லை.

வீட்டு வாசலில் வண்டியைத் திருப்பும்போதே அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டார். தொட்டிக்குப் பக்கத்தில், மிளகு மாதிரிக் காய்க்கும் மிளகு மரத்தடியில் ரோஜா நிற மார்பு கொண்ட காட்டுக் கிளிகள், நாற்பதோ ஐம்பதோ, தரை தெரியாமல் உட்கார்ந்திருந்தன. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தன. அந்த இடத்தில் கிளி குடிக்கத் தண்ணீர் ஏது?

இறங்கி ஓடினார். கொதிநீர் பாய்ந்து இளகிய ரப்பர் குழாய், வெந்த சேமியா மாதிரி வளைந்து, வலைக் கூடையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து கிடந்தது. அதன் வாயிலிருந்து தண்ணீர் நிதானமாக, யாருக்கும் கேட்காத மாதிரி, மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. நான்கு மாதம் மழை காணாத மண். வாங்கிக்கொண்டதற்கு அடையாளமாக ஒரு பெரிய சேறுகூடக் காட்டவில்லை.

பம்பை நிறுத்தினார். மேலிருந்து தட்டினார். ஏழாவது வளையம் காலிப் பானை. ஆறு, காலி. ஐந்து, காலி. நான்கில் இரண்டு முறை தட்டினார். அதுவும் காலி. மூன்றாவதில்தான் சத்தம் அமுங்கியது.

மூன்று.

அந்த ஒரு நொடியில் அவர் எதையெல்லாம் இழந்தார் தெரியுமா? கொட்டகையை இழந்தார். கேட் வரைக்கும் போகும் தடத்தை இழந்தார். அடிலெய்டில் மகள் பார்த்து வைத்திருந்த இரண்டு அறை வீட்டை, ஒரு நடை நடந்தால் சுவர் வந்துவிடும் அந்த வீட்டைக் கண்ணெதிரே பார்த்தார். குழாயைத் திறந்தால் கேள்வி கேட்காமல் தண்ணீர் வரும் ஊரில் ஒரு மனிதன் எதற்காக வானத்தை அண்ணாந்து பார்ப்பான்? காலையில் எழுந்து எதைத் தட்டிப் பார்ப்பான்?

ஆனாலும் கை தன் வேலையைச் செய்தது. ஆறிப்போன கஷாயத்தைப் புளிக்கும் பாத்திரத்துக்கு மாற்றி, ஈஸ்ட் தூவி, மூடி வைத்தது. குழாயைச் சுருட்டி மாட்டியது. ஈர மண்ணின் மேல் காய்ந்த மண்ணை இழுத்துப் போட்டது. சமையலறைக்குள் போனபோது வெர்னா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். தீ பெரிதா என்று கேட்டாள். இல்லை, புல்லுத் தீதான் என்றார். பியர் எப்படி வந்திருக்கிறது என்று கேட்டாள். ஆறிவிட்டது என்றார். அவள் திரும்பவே இல்லை. அவர் அதற்கு நன்றி சொன்னார், மனதுக்குள்.

வெர்னா வெள்ளிக்கிழமை காலையில்தான் தொட்டியைத் தட்டி, மட்டத்தில் ஒரு சுண்ணக்கட்டிக் கோடு போடுவாள். நடுவில் ஒரே ஒரு நாள். வியாழக்கிழமை. அன்று மதியம் அவள் புல்தரையில் பந்துருட்டி ஆடும் மைதானத்துக்குப் போவாள், நான்கு மணி நேரம் வரமாட்டாள்.

வீட்டில் ஆழ்துளைக் கிணறு ஒன்று உண்டு. அந்தத் தண்ணீரில் உப்பு. ஆடு குடிக்கும், கழிப்பறைக்கு ஆகும், செடிக்கும் பயந்து பயந்துதான் ஊற்றுவார்கள். அதற்கென்று கொட்டகைக்குப் பின்னால் தனித் தொட்டி. அதிலிருந்து மழைத் தொட்டிக்கு முப்பது அடிகூட இல்லை. அதே பம்ப், அதே குழாய். நான்கு வளையம் ஏற்றிவிட்டால் ஏழு. பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் கலந்திருக்கும், நாக்குக்கா தெரியப் போகிறது? வெள்ளிக்கிழமை தட்டுவாள், ஏழு என்று கோடு போடுவாள். மார்ச்சில் மழை வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

வெர்னாவின் கார் கேட்டைத் தாண்டியதும் பம்பைப் போட்டார். இந்த முறை குழாயைக் கம்பியால் நான்கு சுற்றுக் கட்டினார். மூன்று மணி நேரம் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். நடுவில் ஒரு முறை கையில் பிடித்து வாயில் விட்டுப் பார்த்தார். பரவாயில்லை போலத்தான் இருந்தது. பொய் சொல்லப் போகிறவனின் நாக்குக்கு எந்தத் தண்ணீரும் பரவாயில்லைதான்.

திருமணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் லயல் மனைவியிடம் பெரிய பொய் எதுவும் சொன்னதில்லை. அதற்கு வேண்டிய பொறுமை அவரிடம் கிடையாது. எதையும் மனதில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா இருக்க முடியாத மனிதர். அன்று மாலை நாலரை மணிக்கு வெர்னா திரும்பி வந்தபோது, கேட்காமலே அவள் பையை வாங்கினார், நாற்காலியை இழுத்துப் போட்டார், ஜெயித்தாயா தோற்றாயா என்று மூன்று முறை கேட்டார். அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். மைதானத்திலேயே சாப்பிட்டாயிற்று, பசியில்லை என்று சொல்லிவிட்டு அன்றிரவு சமையலறைப் பக்கமே போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் பின்கதவைத் திறந்துகொண்டு போனாள். சமையலறை ஜன்னலுக்குள்ளிருந்து லயல் கேட்டுக்கொண்டிருந்தார். டங். டங். டங். பிறகு ஓர் அமுங்கிய சத்தம். பிறகு அமைதி. மறுபடியும் மேலிருந்து டங், டங். அவள் மூன்று முறை தட்டினாள். தன் விரலையே நம்பாதவள் போலத் தட்டினாள். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"ஏழுதான் இருக்கு" என்றாள்.

"ஏழுதானே இருக்கும்" என்றார் லயல்.

வெர்னா கெட்டிலில் தண்ணீர் பிடித்தாள். டீ போட்டாள். பால் ஊற்றினாள். அவருக்கு ஒரு கோப்பை, தனக்கு ஒரு கோப்பை. எதிரே உட்கார்ந்து ஒரு வாய் குடித்தாள். குடித்த வாயை விழுங்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து மழைத் தண்ணீருக்கே பழகிய நாக்கு அது. அடிலெய்டில் மகள் வீட்டு டீயைக்கூடக் குளத்துத் தண்ணீர் என்று சொல்லும் நாக்கு.

விழுங்கினாள். கோப்பையைக் கீழே வைத்தாள். லயல் தன் கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் பாதியைக் குடித்தார். கண்ணில் நீர் வந்தது. உப்பு.

"நல்லாருக்கு" என்றார்.

"நல்லாருக்கா?"

"கெட்டில்ல கொஞ்சம் உப்புப் படிஞ்சிருக்கும்போல. நான் தேய்ச்சு வைக்கறேன்."

"கிழவா," என்றாள் வெர்னா. கோபமாக இருக்கும்போது அவள் அப்படிக் கூப்பிடமாட்டாள், பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். "ஆட்டுக்கு வச்ச தண்ணிய எனக்குக் குடுத்துட்டியேடா."

அவ்வளவுதான். லயலிடம் மிச்சமிருந்த பொய்யெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் கரைந்துபோயிற்று. எழுந்தார். நின்றபடி, மேசைக்கும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் நடுவே நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். சங்கு ஊதியதை, கம்பி பையிலேயே இருந்துவிட்டதை, குழாய் இளகியதை, கிளிகளை. மூன்றே வளையம் மிஞ்சியதை. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், நான் கை குலுக்கினேன், ஆனால் என்னால் முடியவில்லை வெர்னா, அந்த ரெண்டு ரூமுக்குள்ள என்னை அடைக்காதே என்றார். அறுபத்து மூன்று வயது மனிதர், சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தார். எனக்குத்தான் வெற்றி, பெட்டியைக் கட்டு என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்தார். வெர்னா மேசையில் சிந்தியிருந்த ஒரு சொட்டு டீயை விரலால் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"டீயிலயா?"

"இல்ல. புதன்கிழமையே தெரியும். நீ வண்டிய எடுத்துக் கால் மணி நேரம் இருக்கும். துணி காயப்போட வந்தேன். குழாய் கழண்டு என் கண்ணு முன்னாலதான் விழுந்துச்சு."

லயல் நடப்பதை நிறுத்தினார்.

"நிறுத்தலாம்னுதான் போனேன். கொட்டகைக் கதவு வரைக்கும் போனேன். சுவிட்ச்மேல கைய வச்சேன்." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "எடுத்துட்டேன். திரும்பி வந்து துணியக் காயப்போட்டேன். மறுபடி ஒரு தடவ போனேன். மறுபடியும் வந்துட்டேன். அப்புறம் ஜன்னல்கிட்ட உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். ரெண்டரை மணி நேரம்."

வெளியே ஒரு காகம் கத்திவிட்டுப் போனது. லயலுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. இவள், இந்த வெர்னா, பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூட வாளியில் பிடித்து எலுமிச்சை மரத்துக்குக் கொண்டுபோய் ஊற்றுகிறவள். பல் தேய்க்கும்போது குழாயைத் திறந்து வைத்த மருமகனை, இரண்டு வருடம் ஆகியும் மன்னிக்காதவள். இவளா நாலு வளையம் மழைத் தண்ணீர் மண்ணுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்?

"ஏன்?" என்றார். அது கேள்வியாகக்கூட வெளியே வரவில்லை.

"சங்கு ஊதுச்சுல்ல. நீ ஓடின ஓட்டத்தப் பாத்தேன். ஏணிய விட்டு இறங்கி, நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் நின்ன. நின்னியா இல்லியா?"

நின்றார்தான். அது மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். 

"போன தடவ நூத்துப் பத்து கிலோமீட்டர் ஓட்டினேன், லயல். நீ ரோட்டக் குறை சொல்லிக்கிட்டு வந்தேன்னு ஊரே சிரிக்குது. அறுபதாவது கிலோமீட்டர்ல நீ குறை சொல்றத நிறுத்திட்ட. அது ஊருக்குத் தெரியாது. அம்பது கிலோமீட்டர் நான் தனியாத்தான் ஓட்டினேன்."

பிறகு அவள் சொன்னது கொஞ்சம்தான். இன்னொரு முறை அந்த ரோட்டில் அப்படிப் போக அவளால் முடியாது. அதைச் சொன்னால் அவர் சிரித்து மழுப்புவார், ஒரு கிளாஸ் பியரை ஊற்றிக் கொடுப்பார், கொட்டகைக்குப் போய்விடுவார். அதனால் தண்ணீர் தீரட்டும் என்று விட்டுவிட்டாள். தான் சொல்லிக் கேட்காதவர் தொட்டி சொன்னாலாவது கேட்பார் என்று. இரண்டு நாளாக அந்தப் பாவத்தைச் சுமந்துகொண்டு திரிந்தாள். இன்று காலை தட்டிப் பார்த்தபோது ஏழு ஒலித்ததும், கடவுளே தன்னைத் தண்டிக்கத் தண்ணீரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று பயந்தே போனாளாம். டீயைக் குடித்த பிறகுதான், கடவுள் இல்லை, இந்தக் கிழவன்தான் என்று தெரிந்தது.

லயல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் வரும் என்று காத்திருந்தார். வந்தது வேறொன்று. சுவிட்சின்மேல் கையை வைத்து, எடுத்து, மறுபடி போய், மறுபடி எடுத்த அந்தக் கையைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் ஒரு சொட்டைச் சிந்தவிடாத கை. அது ஒரு தொட்டியையே சிந்தவிட்டது என்றால், அந்தப் பயம் எத்தனை பெரிதாக இருந்திருக்க வேண்டும். ஏழு மாதமாக ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டும், தொட்டியில் எத்தனை வளையம் என்று தட்டிப் பார்த்தாரே தவிர, இவளுக்குள் எத்தனை வளையம் மிச்சமிருக்கிறது என்று ஒரு முறை தட்டிப் பார்த்தாரா?

கூடத்துக்குப் போனார். தொலைபேசி எண்களை எழுதி ஒட்டியிருந்த அட்டையில் விரல் வைத்துத் தேடினார். வெர்னா சமையலறையிலிருந்தே காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

எதிர்முனையில் லாரிக்காரர் மெர்வ்.

"யாரு, லயலா? அடேயப்பா. உன் குரல இந்த போன்ல கேப்பேன்னு நான் நெனைக்கவேயில்ல. தண்ணியா?"

"தண்ணிதான்."

"தோட்டத்துக்கா, குடிக்கவா?"

"குடிக்க. நல்ல தண்ணியாக் கொண்டா." லயல் அட்டையிலிருந்த விரலை எடுத்தார். "வீடு வாங்கறவங்க வந்து பாப்பாங்க. ஒரு டீ போட்டுக் குடுக்கணும்ல."

சமையலறையில் ஒரு நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது.  நாளைக்கே கொண்டு வரட்டுமா என்று மெர்வ் கேட்டார். லயல் திரும்பிப் பார்த்தார். வெர்னா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். கன்னம் நனைந்திருந்தது. இரண்டு கையாலும் வேண்டாம் என்று சைகை காட்டினாள். முதலில் உப்புத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும், தொட்டியைக் கழுவ வேண்டும். திங்கட்கிழமை என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

"திங்கக்கிழமை" என்றார் லயல்.

வெயில் ஏறுவதற்குள் அவர் தொட்டியின் அடிவால்வைத் திறந்தார். உப்பும் மழையும் கலந்த ஏழு வளையம் மிளகு மரத்தை நோக்கி ஓடத் தொடங்கியது. இரண்டு நிமிடம்கூட அவரால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கேட் பக்கம் போனார், திரும்பினார், கொட்டகைப் பக்கம் போனார், மறுபடி திரும்பினார். வெர்னா சமையலறை நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து மரநிழலில் போட்டாள்.

"நீ போய் நடந்துட்டு வா" என்றாள். "தண்ணிய நான் பாத்துக்கறேன். எனக்குப் பழக்கம்தான்."

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. தடத்தில் நான்கு அடி போனவர் திரும்பி வந்து, கவிழ்த்து வைத்திருந்த மால்ட் வாளியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் ஆடிக்கொண்டே இருந்தன. வெர்னா ஒரு முழங்காலின்மேல் கையை வைத்தாள். மற்றது ஆடிக்கொண்டுதான் இருந்தது.